கை மருவுக்கு ஒன்று, கால் மருவுக்கு வேறொன்று

மரு வந்திருக்கிறது என்று வேலூரில் யாரிடம் வாய் திறந்தாலும் ஒரு வைத்தியம் வந்து விழும். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மட்டும் எனக்கு மூன்று கிடைத்தன: அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பும் சோடா உப்பும், கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது. சுண்ணாம்பு சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். பச்சரிசிப் பால் கண்ணில் பட்டால் வம்பு. மூன்றில் வெல்லம்தான் தீங்கில்லாதது. பிள்ளைகளுக்கு வரும் மருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 2 வருடத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். வெல்லம் பேர் வாங்கிக்கொள்கிறது.

எனக்கு வந்தது குதிகாலில். மெடிக்கல்காரர் கால் ஆணி என்று பிளாஸ்டர் கொடுத்தார். நானும் பிளேடால் சீவினேன், ரத்தம்தான் வந்தது. ஆணியில் தோல் ரேகை மேலேயே ஓடும். மருவில் ரேகை அறுந்து, உள்ளே கடுகு மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரு பக்கமும் கிள்ளினால் மருதான் அதிகம் வலிக்கும்.

தோல் டாக்டரிடம் போனால் பெரும்பாலும் பேச்சு மூன்றில் நிற்கும்: சாலிசிலிக் ஆசிட் மருந்து, திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது, கரண்ட் வைத்துச் சுடுவது.

உறைய வைப்பதுதான் உசத்தி என்று நானும் நினைத்திருந்தேன். மைனஸ் 196 டிகிரி என்றால் சும்மாவா! 2010இல் நெதர்லாந்தில் 250 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண மருவில் (கையில் வருவது பெரும்பாலும் இதுதான்) 13 வாரத்தில் உறைய வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்குப் போனது. ஆசிட் போட்டவர்களில் 15 சதவீதம், சும்மா இருந்தவர்களில் 8. உள்ளங்கால் மருவிலோ மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அடுத்த வருடம் பிரிட்டனில் 240 பேரின் உள்ளங்காலை மட்டும் பார்த்தபோது, உறைய வைத்தாலும் ஆசிட் போட்டாலும் 12 வாரத்தில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் போனது.

ஆகவே கை என்றால் நைட்ரஜன், என் ஓட்டு அதற்கே. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், கொப்புளம் வரும், நம் நிறத்துக்கு வெள்ளைத் தழும்போ கறுப்போ சில மாதம் நிற்கலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் செய்துகொள்ளாதீர்கள்.

கரண்ட் ஒரே நாளில் வேலையை முடிக்கும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் சுடுவார்கள். ஆனால் உள்ளங்காலில் தழும்பு விழுந்தால் ஒவ்வொரு அடியும் அதன் மேல்தான். ஓரத்தில் மறுபடி முளைப்பதும் உண்டு. உடம்பெல்லாம் பரவிக் கிடந்தால் ஒரு மருவுக்குள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடுவது) தடுப்பூசி மருந்தையே செலுத்தும் முறை இருக்கிறது. உடம்பே விழித்துக்கொண்டு மற்றதையும் விரட்டும் என்பது கணக்கு.

காலுக்கு நான் ஆசிட்டையே பிடித்துக்கொண்டேன். ராத்திரி 10 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, கல்லால் தேய்த்து (அந்தக் கல்லை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது, இது வைரஸ்), சுற்றி வாசலின் தடவி, நடுவில் ஒரு சொட்டு. முகத்துக்கும் மறைவிடத்துக்கும் இது கூடவே கூடாது. சர்க்கரைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் காலில் வைக்க வேண்டாம். எங்கள் மாமாவை அதட்டித்தான் நிறுத்தினேன்.

பதினோராம் வாரம் கறுப்புப் புள்ளிகள் காணோம். டார்ச் அடித்துப் பார்த்தேன், ரேகை குறுக்கே ஓடியிருந்தது.