கட்டிய நாளும் கணக்கில் ஏறிய நாளும்: ஒரு டியூஷன் ஆசிரியையின் அனுபவம்

கோத்தகிரியில் இருந்தபடியே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இணையவழியில் கணிதம் கற்பித்து வருகிறேன். சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்தும் (படகர் ஊர்கள்) கூடலூர், திருப்பூர், கோவையிலிருந்தும் பிள்ளைகள் சேர்கிறார்கள். சில ஆண்டுகளாகவே கட்டணம் முழுவதும் இணையம் வழியாகத்தான் வருகிறது. "மிஸ், பணம் போயிடுச்சு, உங்களுக்கு வரலையா?" என்று ஒரு தாய் கேட்பதும், என் கணக்கில் ஒன்றும் ஏறாமல் இருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

என் சொந்த யூபிஐ முகவரிக்குப் பெற்றோர் நேரடியாக அனுப்பினால் பணம் நொடிகளில் வந்துவிடும். ஞாயிறு, பண்டிகை என்ற பேதமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு மாற்றும் நெஃப்ட் வழியாக அனுப்புபவர்களும் உண்டு. 2019 டிசம்பரிலிருந்து அது எல்லா நாளும் இயங்குகிறது என்றாலும், அரை மணிக்கு ஒரு தொகுப்பாகவே போவதால் உடனே வராது. பேமென்ட் லிங்க் வழியாகவோ கார்டிலோ கட்டும்போதுதான் நாள்கணக்கு தொடங்குகிறது. அந்தப் பணம் முதலில், நடுவிலிருந்து வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது பிறர் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் கணக்கில் சேர்கிறது; அங்கிருந்து ஒப்பந்தப்படி எனக்கு வருகிறது. இப்படி வந்து சேர்வதைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். என் ஒப்பந்தத்தில் அது இரண்டு வேலை நாள். வெள்ளிக்கிழமை மாலை கட்டினால், மறுநாள் இரண்டாம் சனிக்கிழமையாக இருக்கும் பட்சத்தில், செவ்வாய்க்கிழமைதான் பணத்தைப் பார்க்க முடியும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் மலர்க் கண்காட்சிக்கும் நம் நீலகிரி மாவட்டத்துக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அது வங்கிகளைக் கட்டுப்படுத்தாது.

கேட்வே நிறுவனத்தில் கணக்கைத் தொடங்கியபோது முதல் செட்டில்மென்ட்டே நிறுத்தி வைக்கப்பட்டது. பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருந்தது. வங்கிக் கணக்கிலோ அவர் பெயர் முன்னெழுத்தாக மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கும் இந்த வேறுபாடு அந்நிறுவனத்தின் சரிபார்ப்புக்குச் சந்தேகமாகத் தெரிந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டே விண்ணப்பிப்பது நல்லது.

தாமதத்தைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது, பணம் மொத்தமாக வருவதுதான். ஐந்து பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் கார்டில் கட்டினால் 7,500 வர வேண்டும். பாஸ்புக்கிலோ 7,350 என்று ஒற்றை வரிதான் இருக்கும். நிறுவனத்தின் இரண்டு சதவீதக் கட்டணம் 150 ரூபாய் போக மிச்சம் அது. யார் கட்டினார்கள், யார் பாக்கி என்பதைப் பாஸ்புக் சொல்லாது. நிறுவனத்தின் செட்டில்மென்ட் அறிக்கையைத் தரவிறக்கி, வங்கி ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தரும் யூடிஆர் எண்ணோடு ஒப்பிட்டால்தான் தெரியும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு செட்டில்மென்ட் வரும்போதும் பார்த்துவிடுவது எளிது. ரசீதில் நான் பெற்றோர் கட்டிய தேதியையே போடுகிறேன். நடுவில் பணம் எங்கே தங்கியிருந்தது என்பது அவர்கள் கவலையல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய் டவரும் படுத்துவிடும் நாட்களில் வேறொரு சிக்கல் வரும். பின் எண்ணை அழுத்தியபின் சிக்னல் போய்விட்டால், பணம் போனதா இல்லையா என்று கட்டுபவருக்கே தெரியாது. அப்போது மறுபடி கட்ட வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய யூபிஐ பணம் கழிக்கப்பட்டும் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். வணிகருக்குக் கட்டியதில் உறுதிப்படுத்தல் கிடைக்காவிட்டால் ஐந்து நாள் அவகாசம். அதைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஸ்கிரீன்ஷாட்டை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைத்தான் கேட்கிறேன், ஏனென்றால் வங்கியில் புகார் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது ஹட்டிகளில் உள்ளவர்களிடம் நேரடி யூபிஐயிலேயே வாங்குகிறேன். தொழிற்சாலையிலிருந்து பசுந்தேயிலைப் பணம் வந்த கையோடு கட்டுபவர்கள் அவர்கள். கழிவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கார்டில் கட்ட விரும்பும் சமவெளிப் பெற்றோருக்கு மட்டும் லிங்க் அனுப்புகிறேன். நான் வீட்டு வாடகை கட்ட வேண்டியது மாதம் ஐந்தாம் தேதி என்பதால், அந்த லிங்க் முந்தைய மாதம் 25ஆம் தேதியே அவர்களுக்குப் போய்விடுகிறது.