கிறீச்சிடும் பழைய றலியா, புதிய கியர் சைக்கிளா?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த யாழ்ப்பாணம் மறுபடியும் சைக்கிளில் ஏறியபோது, தம்பி புதிய கியர் வண்டி ஒன்றை வாங்கினான். நான் கொட்டிலில் கிடந்த அப்பாவின் பழைய றலி (Raleigh) சைக்கிளைக் கழற்றிக் கழுவிப் பூட்டக் கொடுத்தேன். இரண்டும் ஒரே முற்றத்தில் நிற்பதால் ஒப்பிடுவது எளிது.

எடை, வேகம், தோற்றம் எல்லாவற்றிலும் புதியதே முன்னுக்கு. மழையிலும் அப்படித்தான். றலியின் கம்பிப் பிரேக் நனைந்த இரும்பு றிம்மில் வழுக்கும். மாரியில் ஒழுங்கை முடக்குகளில் காலையும் ஊன்றத்தான் வேண்டும்.

பராமரிப்பில்தான் என் மனம் றலிப் பக்கம் சாய்கிறது. அது போடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றால் மிதித்தண்டை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின் தளர்ந்திருக்கும். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் செயின் காய்ந்திருக்கிறது. மிதிக்காமல் உருளவிட்டும் முனகல் ஓயவில்லையென்றால் சில்லுக் குண்டுகளில் கிறீஸ் வற்றியிருக்கும். எல்லாமே இரும்பு, சுத்தியலும் ஸ்பானரும் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். நாளடைவில் அது பிசுபிசுத்துச் செம்மண் தூசியை இழுத்துப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது.

றலியிலும் வில்லங்கம் உண்டு. மிதித்தண்டு சுழலும் நடு அச்சின் குண்டுகளைத் தாங்கும் கிண்ணத்துக்கு அதில் அங்குலத்துக்கு 26 புரி. மற்ற வண்டிகளுக்குப் பொதுவாக 24. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கிண்ணம் அதில் ஏறாது. பழைய வண்டிகளை உடைத்து வைத்திருப்பவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

கியர் வண்டியில் பின்கியர் தொங்கும் உலோகத் துண்டு சற்று வளைந்தாலே செயின் பல் மாறித் தடுமாறும். அதையாவது நிமிர்த்தலாம். ஹாண்டிலில் உள்ள பிளாஸ்ரிக் கியர்மாற்றி உடைந்தால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். கடலோரப் பாசையூர்ப் பக்கம் ஓடித் திரிந்தால் உப்புக்காற்று கேபிள் உறைக்குள்ளும் புகுந்து துருவேற்றும். டிஸ்க் பிரேக் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தம்பியின் வண்டிக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை.

மழை வெயில் பாராமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு நானும் புதியதையே வாங்கிக் கொடுப்பேன். கொட்டிலில் றலி கிடக்கிறதென்றால், பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுக்குமுன் பிறேமின் மூட்டுகளைத் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு இல்லையென்றால் கழுவிப் பூட்டக் கொடுக்கலாம்.