பைன் அடிக்கட்டைக்கு யூரியாவா, எதிர்ப்பூஞ்சையா?

பைன் தோப்பில் நெருக்கத்தைக் குறைக்கச் சில மரங்களை வெட்டும் இடைவெட்டு முடிந்ததும் வேரழுகல் நோய்க்கு வாசலாக அமைவது அப்போதுதான் அறுத்த அடிக்கட்டை. ஹெட்டரோபேசிடியான் பூஞ்சையின் வித்துகள் காற்றில் வந்து அந்த ஈரமான வெட்டுமுகத்தில் படிந்து முளைக்கின்றன. பூஞ்சை வேர்களுக்குள் இறங்கி, வேரோடு வேர் தொட்டிருக்கும் பக்கத்து மரங்களையும் பிடித்துக்கொள்கிறது. இதைத் தடுக்க யூரியாக் கரைசல், ஃப்ளெபியாப்சிஸ் ஜைஜான்டியா என்னும் எதிர்ப்பூஞ்சை ஆகிய இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, என் பொறுப்பிலிருந்த தோப்புக்கு எதிர்ப்பூஞ்சையையே தேர்ந்தேன். இரண்டையும் அறுத்த உடனே தெளிக்க வேண்டும். நோய் ஏற்கெனவே புகுந்த வேரை இரண்டாலும் மீட்க முடியாது.

யூரியாவைச் சேமித்து வைப்பது எளிது. கட்டையிலுள்ள நொதி அதை அம்மோனியாவாகச் சிதைப்பதால் வெட்டுமுகம் காரத்தன்மை அடைந்து, வித்துகள் முளைக்க முடியாமல் போகின்றன. ஆனால் அந்த நொதி வெளிப்புற வெள்ளைக்கட்டையில் இருக்கும் அளவுக்கு, வைரம் எனப்படும் நடுக்கட்டையில் இல்லாததால், பருத்த கட்டைகளின் நடுப்பகுதியில் காப்பு தளர்கிறது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மண்ணுக்கடியில் நடப்பதுதான். யூரியாவின் வேலை மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. ஃப்ளெபியாப்சிஸோ கட்டைக்குள் வளர்ந்து, வேர்கள் வரை இறங்கி, நோய்ப்பூஞ்சைக்கு வேண்டிய இடத்தையும் உணவையும் முந்திக்கொண்டு, கட்டையையே மட்கச் செய்கிறது. உயிருள்ள மரங்களை அது தாக்குவதில்லை. சில மாதங்கள் கழித்து அத்தகைய கட்டையின் மேலிருந்து ஒரு வில்லையை அறுத்துப் பார்த்தால், அது பிடித்த இடமெல்லாம் ஆரஞ்சு கலந்த பழுப்பாகத் தெரியும். நோய்ப்பூஞ்சை பழைய கட்டைகளில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து அடுத்த தலைமுறைக் கன்றுகளையும் அழிக்கக்கூடியது என்பதால், கட்டை யார் வசம் போகிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகப் பட்டது. தாவர நோயியலாளர் ஜான் ரிஷ்பெத் இந்த எதிர்ப்பூஞ்சை முறையைப் பைன் அடிக்கட்டைகளில் சோதித்த முடிவுகளை 1963-இலேயே வெளியிட்டிருக்கிறார்.

பராமரிப்பில் மட்டும் இது கண்டிப்பு கேட்கும். உயிருள்ள வித்துகள் என்பதால் குளிர்ச்சியில் வைத்து, கரைத்த அன்றே பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். கரைசலில் சாயம் கலந்தால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். மரப்பட்டையை ஒட்டிய பிறைபோன்ற ஓரமே பெரும்பாலும் விடுபடுகிறது, அந்தச் சிறு ஓரமே நோய்க்குப் போதும். உறைபனிக் காலத்தில் அறுக்க வாய்த்தால் நோய்ப்பூஞ்சையின் வித்துகள் காற்றில் அருகிவிடுவதால் தெளிப்பே பெரும்பாலும் தேவைப்படாது.

பைனைப் போன்ற ஊசியிலை மரமான ஸ்புரூஸின் கட்டைகளில் ஃப்ளெபியாப்சிஸ் பைனில் போல விரைந்து பரவுவதில்லை. அம்மரங்களில் நான் நேரில் பார்த்தவை மிகச் சிலவே. ஆகவே அங்கே வெட்டுமுகம் முழுவதும் நனைகிறதா என்பதை இன்னும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு மேல் எதையும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.