ரான் பிரவுனா, ஜாக்கி ராபின்சனா: எந்த உதவித்தொகை?

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டில் இருந்துகொண்டே தம் சமூகத்துக்கு உழைக்கும் கறுப்பின மாணவர்கள் பலர் கல்லூரிப் படிப்புக்கான இந்த இரண்டு உதவித்தொகைகளுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

தொகை: ரான் பிரவுன், ஆண்டுக்கு 10,000 டாலர் வீதம் நான்காண்டில் 40,000. ராபின்சன் அறக்கட்டளை, நான்காண்டில் 35,000 வரை.

தகுதி: ரான் பிரவுனுக்கு கிரீன் கார்டு போதும். ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். ராபின்சனுக்குக் குடியுரிமை வேண்டும். பணத்தேவையையும் காட்ட வேண்டும்.

கெடு: ரான் பிரவுனுக்கு வழக்கமாக டிசம்பர் 1. நவம்பர் 1-க்குள் அனுப்பினால் விண்ணப்பம் வேறு உதவித்தொகை அமைப்புகளின் பார்வைக்கும் போகும். பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது, அக்டோபர் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

வழிகாட்டல்: ராபின்சனின் பலமே இதுதான். நான்காண்டும் தொடர்ந்த பயிற்சி, நியூயார்க்கில் ஆண்டு மாநாடு.

வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்கு 5,000 குறைந்தாலும் அந்த வழிகாட்டலுக்காக ராபின்சன். கிரீன் கார்டுக்காரருக்கு ரான் பிரவுன்தான் வழி.