3-ஐ 1 ஆக்கி நாலு வருடம்: புது டேப் தொல்லையும் ஃபயர்ஃபாக்ஸும்

போன வாரம் லேப்டாப் சர்வீஸுக்குப் போய் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று மாலையே அம்மா கூப்பிட்டார்: "பின்னாடி போக மாட்டேங்குதுடா."

ஏதோ செய்தித்தளம். மேலே பதினான்கு டேப். தலைப்பைத் தொட்டால் செய்தி புது டேபில் திறக்கிறது. புது டேபுக்கு ஏது முன்கதை? பேக் அம்புக்குறி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அம்மா அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, தளத்தின் பெயரைத் தட்டி முகப்புக்குப் போயிருக்கிறார். அங்கே இன்னொரு தலைப்பு, இன்னொரு டேப். எண்ணிப் பார்த்தேன்: பதிமூன்று முகப்பு, கடைசியில் ஒரே ஒரு செய்தி.

அப்போதுதான் உறைத்தது, என் நாலு வருடத்து செட்டிங் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது என்று.

ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஜாக்கிரதை என்று ஒரு பக்கம் மிரட்டும். சரி என்று உள்ளே போனால், ஓப்பன்_நியூவிண்டோ என்று முடியும் வரியில் 3 இருக்கும். 3 என்றால் புது டேப், 2 என்றால் புது விண்டோ. 1 போட்டால், தளம் புது டேப் கேட்டிருந்தாலும் லிங்க் அதே டேபில் திறக்கும், பேக் உயிரோடு இருக்கும். புது டேப் வேண்டுமென்றால் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு கிளிக் செய்வேன், இல்லை மவுஸ் சக்கரத்தை ஒரு அமுக்கு. இந்த ஒன்றுக்காகவே நான் வேறு பிரவுசருக்குப் போகவில்லை.

எரிச்சல் எனக்கு மட்டும் இல்லை. இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன், புது விண்டோ திறப்பதை 1999-லேயே இணைய வடிவமைப்புத் தவறுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார். அதே வருடம் வந்த எச்டிஎம்எல் 4.01-இன் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) கறாரான வகையில், லிங்க் எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட்டுக்கே இடம் கிடையாது. அப்புறம் எச்டிஎம்எல்5 அதைத் திரும்ப உள்ளே விட்டது. வெளித்தளத்துக்குப் போகிற லிங்க் என்றால்கூட, ஆள் நம்மை விட்டுப் போய்விடக் கூடாது என்கிற கணக்கு புரிகிறது. சொந்த வீட்டுக்குள் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக எதற்குத் தனி வாசல்?

ஆனால் 1 என்னைப் பழிவாங்கியதும் உண்டு. ஒரு விண்ணப்பத்தில் முக்கால்வாசி நிரப்பிவிட்டு 'விதிமுறைகள்' லிங்க்கைத் தொட்டேன். விதிமுறை அதே டேபில் வந்து உட்கார்ந்தது. பேக் போனால் எல்லாக் கட்டமும் காலி. அந்த இடத்தில் புது டேப் கேட்டு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், கெடுத்தது நான். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், ரெஸ்ட்ரிக்ஷன் என்று முடியும் இன்னொரு வரியில் இருந்த 2-ஐ 0 ஆக்கியது. அப்படிச் செய்தால், தளம் அளவு சொல்லித் திறக்கும் குட்டி விண்டோக்களும் அதே டேபுக்குள் வந்துவிடும். ஒரு பில் கட்டும்போது பணம் செலுத்தும் விண்டோ பில் பக்கத்தின் மேலேயே ஏறிக்கொண்டது. ஓடிபி போட்டேன், வெள்ளைத் திரை. பணம் போனதா இல்லையா என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த வரியை இப்போது தொடுவதே இல்லை.

அம்மாவுக்குத் தனி புரொஃபைல் போட்டு 1 வைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. என் புரொஃபைலில் இன்னும் 3 தான். இந்த மாத பில்லைக் கட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.