டைட்டானியம் அலுமினைடு: பிரிண்ட் எடுத்த பிறகு எந்தச் சூடு?

உலோகப் பவுடரை எலக்ட்ரான் கற்றையில் உருக்கி 3D பிரிண்ட் எடுத்த 48-2-2 டைட்டானியம் அலுமினைடு கலவைக்கு (அணுக் கணக்கில் அலுமினியம் 48, குரோமியம் 2, நையோபியம் 2 சதவீதம், மீதி டைட்டானியம்) என்ன வெப்பப் பதம் கொடுப்பது என்பதில் மூன்று கட்சி உண்டு. ஹிப் (சூட்டோடு வாயு அழுத்தமும் சேர்த்துத் துளைகளை மூடுவது) மட்டும் போதும் என்பது ஒன்று, டூப்ளெக்ஸ் (சிறு படிகங்களும் மெல்லிய தகடு அடுக்குகளும் கலந்த உள்ளமைப்பு) ஒன்று, முழு லேமெல்லர் (முழுக்கத் தகடு அடுக்குகளான உள்ளமைப்பு) ஒன்று. நான் டூப்ளெக்ஸ் பக்கம்.

பதம் எதுவும் கொடுக்காத துண்டைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். காமா என்ற படிக வகையின் பெரிய கிரெய்ன்கள் (படிகத் துணுக்குகள்) ஒரு பட்டை, பொடிப்பொடியாக டூப்ளெக்ஸ் ஒரு பட்டை என்று அடுக்கடுக்காகத் தெரியும். அதனால்தான் இழுக்கும் திசை மாறினால் நீட்சியும் (உடையும் முன் நீளும் அளவு) மாறுகிறது.

ஹிப் என்பது 1200 டிகிரி செல்சியஸை ஒட்டி, 100 மெகாபாஸ்கலோ அதற்கு மேலோ ஆர்கான் அழுத்தத்தில் சில மணி நேரம். துளைகள் மூடும், சோர்வு ஆயுள் (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் ஆயுள்) கூடும், இதைத் தவிர்க்கவே கூடாது. ஆனால் பவுடருக்குள்ளேயே சிக்கியிருந்த ஆர்கான் எங்கும் போய்விடாது, நசுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். பின்னால் அழுத்தமில்லாமல் இன்னும் அதிகச் சூடு கொடுத்தால் அந்தத் துளை மறுபடி திறக்கும்.

லேமெல்லருக்கு ஆல்ஃபா எல்லையைத் (கலவை முழுக்க ஆல்ஃபா என்ற படிக வகையாக மாறும் வெப்பநிலை) தாண்டிச் சூடாக்க வேண்டும். க்ரீப் எதிர்ப்பும் (சூட்டில் சுமையோடு மெல்ல மெல்ல நீண்டுபோகாமல் தாங்குவது) முறிவு எதிர்ப்பும் அருமையாக வரும், அதை மறுக்கவே முடியாது. ஆனால் அங்கே ஆல்ஃபா மட்டும்தான் இருப்பதால் கிரெய்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, சில நிமிடம் கூடினாலே ஊதிப்போய், அறை வெப்பத்தில் நீட்சி ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். எல்லைக்குக் கீழே, ஆல்ஃபாவும் காமாவும் சேர்ந்திருக்கும் இடத்தில் வைத்தால் டூப்ளெக்ஸ், ஒன்றையொன்று வளரவிடாது. பொருத்தும்போதே விரிசல் விட்டால் கவலையாக இருக்கும் பாகத்துக்கு இந்தக் கூடுதல் நீட்சி உயிர்நாடி.

சரி, எல்லை எங்கே? புத்தகத்தில் பார்த்து வைக்காதீர்கள், ஏனென்றால் வெற்றிடத்தில் கற்றை படும்போது அலுமினியம் ஆவியாகிறது, ஒரு சதவீதம் குறைவது சாதாரணம், அலுமினியம் குறைந்தால் ஆல்ஃபா எல்லையும் கீழே இறங்கும், டூப்ளெக்ஸ் என்று நினைத்து உலையில் வைத்தது லேமெல்லராக வெளியே வரும். பவுடரின் சான்றிதழ் உதவாது, பிரிண்டான துண்டையே சோதனைக்கு அனுப்புங்கள், அதிலும் கற்றையின் ஆற்றலை மாற்றியிருந்தால் ஒவ்வொரு முறையும். அப்புறம் உலையின் வெப்பத்தை முடிவு செய்யலாம்.