கிளாஸ்கோ ‘வில்லோ’வில் தேநீர்: எந்த அறை, எந்த இலை, எவ்வளவு நேரம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சாக்கிஹால் தெரு 217ஆம் எண் கட்டடத்தில் கேட் கிரான்ஸ்டன் 1903இல் திறந்த தேநீர் விடுதி, இன்று ‘மாக்கின்டாஷ் அட் தி வில்லோ’ என்ற பெயரில் இயங்குகிறது. முகப்பு முதல் நாற்காலி, கரண்டி வரை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ். அவர் மனைவி மார்கரெட் மக்டொனால்டின் கைவண்ணமும் இதில் உண்டு. பழைய வடிவமைப்பின்படியே புதுப்பித்து 2018இல் மறுபடி திறந்தார்கள்.

முன்பதிவு செய்யும்போதே மாடியில் உள்ள ‘சலோன் டி லக்ஸ்’ அறையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சின்ன அறைதான். வெள்ளி, ஊதா நிறங்களில் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலிகள், ஈயக் கம்பியில் கோத்த கண்ணாடிக் கதவுகள், தெருவைப் பார்த்த வளைந்த சன்னல். இந்தக் கண்ணாடிகளுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் கிளாஸ்கோவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் மூன்று மணி இருக்கையை விட்டு நண்பகலை எடுப்பது நல்லது.

அறையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கிளாஸ்கோவுக்கு 1859 முதல் காட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது. சுண்ணாம்பு மிகக் குறைந்த மென்னீர். லண்டனின் கடின நீரில் தேநீர் போட்டால் கால்சியம் சேர்ந்து மேலே ஆடை போல ஒரு படலம் கட்டும், நிறம் மங்கும், மணம் அமுங்கிப்போகும். இங்கே அதே இலை பளிச்சென்று சிவந்து இறங்கும். கிளாஸ்கோவில் உட்கார்ந்து காபி கேட்பது, என்னைக் கேட்டால், ஒரு நல்ல வாய்ப்பை வீணாக்குவது.

நம் ஊர் டீ மாதிரி கெட்டியாகப் பாலோடு வேண்டுமென்றால் அசாம், நாலு நிமிடம். டார்ஜிலிங் என்றால் மூன்று நிமிடம், பால் வேண்டாம். இலங்கை மலைத் தேயிலைக்கும் மூன்று போதும். அதற்கும் இந்த நகரத்துக்கும் பழைய உறவு உண்டு. இங்கே பிறந்த தாமஸ் லிப்டன்தான் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கியவர். அப்புத்தளை அருகே அவருடைய தம்பேதன்ன தோட்டத்தில் இன்றும் கொழுந்து பறிப்பது மலையகத் தமிழர்கள். பட்டியலில் இலங்கைத் தேயிலை இருந்தால், அதை எண்ணியாவது ஒரு கோப்பை குடிக்க வேண்டும்.

பெரும்பாலான தேநீர் அறைகளில் சறுக்குவது இரண்டாவது கோப்பையில்தான். இலை பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தால் எட்டு, பத்து நிமிடத்தில் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். பாத்திரம் வந்தவுடன் இலை உள்ளே சல்லடைக் கூடையில் இருக்கிறதா, அப்படியே மிதக்கிறதா என்று பாருங்கள். கூடை என்றால் நேரம் ஆனதும் தூக்கிவிடலாம். மிதந்தால் வடிகட்டியும், கூடவே ஒரு ஜாடி வெந்நீரும் கேளுங்கள். முதல் கோப்பைகளை எல்லோருக்கும் ஊற்றிப் பாத்திரத்தை ஒட்ட வடித்துவிட்டு, மறுபடி வெந்நீர் விட்டால் அடுத்த கோப்பையும் தேறும்.

தேநீரோடு வரும் மூன்றடுக்குத் தட்டைக் கீழிருந்து மேலாகச் சாப்பிடுவது வழக்கம்: சாண்ட்விச், ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி, இனிப்பு. சாண்ட்விச் காற்றில் காய்ந்துபோகும் என்பதால் அது முதலில் போவது சரி. ஆனால் ஸ்கோனும் அதற்குள் ஆறிவிடுமே! அதைத் தனியாகச் சற்றுப் பிந்திக் கொண்டுவர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல ஸ்கோனுக்குப் பக்கவாட்டில் குறுக்காக ஒரு வெடிப்பு இருக்கும், அங்கே கையால் பிட்டாலே இரண்டாகும். மாவை அதிகம் பிசைந்திருந்தால் ரப்பர் போல இழுபடும். மைக்ரோவேவில் சுட வைத்தது சில நிமிடத்தில் இறுகிவிடும். சூடான ஸ்கோனில் கெட்டிக் கிரீமை நேராக வைத்தால் உருகி ஓடும். முதலில் ஜாம், மேலே கிரீம்.

சைவக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மீன், இறைச்சி சாண்ட்விச்சை மாற்றித் தரச் சொன்னால் மட்டும் போதாது. மேல் தட்டில் வரும் மூஸ் என்கிற நுரைத்த இனிப்பு வகைகளில், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். ஸ்கோன் மேல் பளபளப்புக்கு முட்டை தடவுவதும் உண்டு. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். சலோன் டி லக்ஸ் சுவரில் இப்போது இருக்கும் மார்கரெட்டின் சுண்ணச் சித்திரப் பலகை ஒரு நகல். அசல் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே நுழைவு இலவசம். நண்பகல் தேநீரை முடித்தவர்கள் அது மூடுவதற்குள் போய்ப் பார்த்துவிடலாம்.